எஞ்சிய பூக்கடதாசியில் வாழ்த்து மடல்கள்

நிலம் இருந்தால் கமக்காரனுக்கு வேலைக்குக் குறைவில்லை. இடம்பெயர்ந்து, பிறர் காணியில் கொட்டில் போட்டு இருக்கும்போது கைகள் சும்மா இருப்பதே பெரும் பாரமாகிவிடுகிறது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்த குடும்பங்களுக்கும், 2009 வரை இடம்விட்டு இடம் அலைந்த வன்னிக் குடும்பங்களுக்கும் இது தெரிந்த பாரம். கமத்துக்கு ஈடான தொழில் என்று எதையும் நாம் இங்கு சொல்ல வரவில்லை. அதிக முதல் வேண்டாத, வீட்டுச் செலவில் ஒரு சிறு பங்கைத் தாங்கக்கூடிய ஒரு கைவேலையையே விளக்குகிறோம்.

கடதாசி எங்கே கிடைக்கும்?

பரிசுப் பொருட்கள் சுற்றிவந்த பூக்கடதாசி, பழைய கலண்டர்த் தாள்கள், திருமண அழைப்பிதழ்கள், அச்சகங்களில் வெட்டிக் கழிக்கும் ஓரத்துண்டுகள் ஆகியவை போதும். அச்சகத்தாரிடமும் பங்கு மக்களிடமும் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். கசங்கியதைத் துணியின் கீழ் வைத்து, இளஞ்சூட்டில் அழுத்தி எடுக்கலாம். எண்ணெய் பட்டதையும் ஈரம் குடித்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

விலைக்கு வாங்க வேண்டியவை மடலுக்கான வெள்ளை மட்டையும் உறைக்கான தாளும் மட்டுமே.

செய்முறை

1. ஓர் ஏ4 மட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு மடல்கள் வரும். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 10.5 சென்ரிமீற்றர் அகலமும் 14.8 சென்ரிமீற்றர் உயரமும் இருக்கும்.

2. மரத்தைப்போலக் கடதாசிக்கும் ஓர் ஓட்டம் உண்டு. வெட்டுமுன் மட்டையை நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையிலேயே மடிப்பு வரவேண்டும். மாறி மடித்தால் மடிப்பு வெடித்து அசிங்கமாகத் தெரியும்.

3. மடிக்க வேண்டிய கோட்டில் அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த பேனாவால் ஒருமுறை அழுத்திக் கீறுங்கள். பின்பு மடித்தால் மடிப்பு நேராக விழும்.

4. பெரிய துண்டுகள் இருந்தால் 9 சென்ரிமீற்றருக்கு 13.3 சென்ரிமீற்றர் அளவில் வெட்டி முகப்பில் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவாக வெள்ளை ஓரம் நிற்கும். சிறு துண்டுகளை 1 சென்ரிமீற்றர் கீலங்களாக வெட்டி, மெல்லிய தாள் ஒன்றில் நெருக்கமாக ஒட்டிக் காயவிடுங்கள். அது ஒரு புதிய பூக்கடதாசியாகிவிடும். அதிலிருந்து நத்தாருக்கு நட்சத்திரம், தைப்பொங்கலுக்குப் பானை, கரும்பு என்று வெட்டலாம்.

5. இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை முதலில் சிறிது பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்து, இளஞ்சூட்டில் துழாவிக் காய்ச்சினால் பசை தயார். அன்றன்று தேவையான அளவே காய்ச்சுங்கள், வைத்தால் புளித்துவிடும். மெல்லியதாகப் பூசுங்கள். பசை கூடினால் மடல் நெளியும்.

6. ஒட்டிய மடல்களைத் துப்புரவான தாள்களுக்கிடையில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, ஓர் இரவு விடுங்கள்.

7. ஓர் ஏ4 தாளில் ஓர் உறை செய்யலாம். மடலைவிடச் சிறிது பெரிதாக, 15.5 சென்ரிமீற்றருக்கு 11.2 சென்ரிமீற்றர் இருந்தால் மடல் இலகுவாக உள்ளே போகும்.

மாரிக்கு முன் முடியுங்கள்

நத்தார் விற்பனை வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வருகிறது. மழைநாளில் பசை காயாது. கடதாசி பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே நத்தார் மடல்களைப் புரட்டாதிக்குள் செய்து, மூடியுள்ள பிஸ்கற் தகரப்பெட்டியில் அடுக்கி, கறையான் ஏறாதபடி நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள்.

விலை வைப்பது எப்படி?

பலர் பொருட்செலவை மட்டும் கணக்கிட்டு, தம் உழைப்பை மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, 20 மடல்களுக்கும் உறைகளுக்கும் 600 ரூபா செலவு என்று வைத்துக்கொள்வோம். மடல் ஒன்றுக்கு 30 ரூபா. அவற்றைச் செய்ய 5 மணித்தியாலம் சென்றால், மணித்தியாலத்துக்கு 150 ரூபா வீதம் கூலி 750 ரூபா. மடல் ஒன்றுக்கு 37 ரூபா 50 சதம். ஆக, அடக்கவிலை 67 ரூபா 50 சதம். அதை 60 ரூபாவுக்கு விற்றால் இலாபம் வந்ததுபோல் தோன்றும். உண்மையில் உங்கள் கூலியில் ஒரு பங்கைத்தான் இழக்கிறீர்கள். உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதே கணக்கை எழுதிப் பாருங்கள்.

இன்று வாழ்த்துகள் கைத்தொலைபேசியில் செலவின்றிப் போகின்றன. மடல் வாங்குவோர் முன்னரைவிடக் குறைவு. ஆகையால் முதலில் பத்து மாதிரிகள் மட்டும் செய்து பாடசாலை, கன்னியர் மடம், ஆலயம், வெளிநாட்டிலுள்ள உறவினர் ஆகியோருக்குக் காட்டுங்கள். எத்தனை வேண்டும் என்று அறிந்தபின் மீதியைச் செய்யுங்கள். இதற்காக நுண்கடன் எடுக்கவே வேண்டாம். விற்காத மடலுக்கும் வட்டி கட்ட வேண்டிவரும்.

மடலின் பின்புறத்தில் துயரக்கதை எழுதி விற்கும்படி சிலர் சொல்லக்கூடும். எமக்கு அதில் உடன்பாடில்லை. இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். வேலை நேர்த்தியாக இருந்தால் அடுத்த வருடமும் தேடி வருவார். "கையால் செய்தது" என்ற சொல்லும் உங்கள் குழுவின் பெயரும் போதும்.

ஐந்து அப்பங்களைப் பகிர்ந்து ஐயாயிரம் பேர் உண்டபின், எஞ்சிய துண்டுகள் வீணாகாமல் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கப்பட்டன. எஞ்சியதைக் குப்பை என்று தள்ளாத பழக்கம் கமக்காரருக்குப் புதிதல்ல. வைக்கோலையும் உமியையும் பயன்படுத்தத் தெரிந்த கைகளுக்கு இந்தக் கடதாசித் துண்டுகளும் பழகிவிடும்.