தேசங்கள் ஆண்பாலா?

பாட்டிலும் படத்திலும் நமது தேசம் தாய். கையிலே கொடியேந்திச் சிங்கத்தின் அருகில் நிற்கும் மாதாவாகவே சித்திரக்காரர்கள் அவளை எழுதி வந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு மரியான், பிரிட்டிஷாருக்கு ஒரு பிரிட்டானியா, அவர்களும் ஸ்திரீகளே. ஆனால் சர்வதேச மகாநாட்டு மேஜையருகே வந்து உட்கார்ந்ததும் இந்தத் தாய்மாருக்கெல்லாம் எப்படியோ மீசை முளைத்து விடுகிறது! ஒரு தேசம் மற்றொன்றை முறைத்துப் பார்க்கிறது, தொடை தட்டுகிறது, விட்டுக்கொடுத்தால் பௌருஷம் போய்விடுமே என்று கவலைப்படுகிறது.

இந்த வேடிக்கையை ஊன்றிக் கவனித்தவர்கள் சில பெண் பேராசிரியர்கள். 1980-களின் பிற்பகுதி முதல் அவர்கள் எழுப்பிய கேள்விகள் சர்வதேச அரசியல் சாஸ்திரத்தையே ஓர் உலுக்கு உலுக்கியிருக்கின்றன. ஏதோ கலாசாலைப் பண்டிதர்களின் சண்டை, நமக்கென்ன என்று நேயர்கள் ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். விஷயம் வீட்டிலேதான் ஆரம்பமாகிறது.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் மார்கெந்தாவ் என்பவர் 1948-ல் 'தேசங்களிடையே அரசியல்' என்ற பெரிய நூலை வெளியிட்டார். தேசங்களின் போக்கை விளக்க அவர் ஆறு விதிகள் வகுத்தார். அரசியலின் விதிகள் மனித சுபாவத்திலே வேரூன்றியவை. தேசத்தின் நலன் என்பது அதன் அதிகாரமே. இவையே அவற்றின் சாரம். நமது கௌடில்யரைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1988-ல் ஜே. ஆன் டிக்னர் என்ற அம்மையார் இந்த ஆறு விதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தி எழுதினார். மார்கெந்தாவ் சொல்வது பொய் என்று அவர் சொல்லவில்லை; பாதி என்றார். மனித சுபாவம் என்று அவர் காட்டுவது ஆண்மைக்குரியதென்று உலகம் எண்ணும் சுபாவம் மட்டுமே. பிறரை அடக்குவது ஓர் அதிகாரமானால், பிறருடன் கூடி ஒரு காரியத்தைச் சாதிப்பதும் அதிகாரந்தானே? அணுகுண்டையும் வறுமையையும் எந்தத் தேசமும் தனியாக நின்று வெல்ல முடியாதே? இப்படிக் கேட்டார் அவர்.

ஆயினும் நமது மனத்தை அதிகமாகக் கவர்ந்தது ஸிந்தியா என்லோ என்னும் அம்மையார் 1989-ல் வெளியிட்ட நூல். அதன் பெயரிலேயே வாழைப்பழமும் கடற்கரையும் ராணுவத் தளமும் அடுத்தடுத்து வருகின்றன. ராஜ தந்திர நூலில் வாழைப்பழத்துக்கு என்ன வேலை என்று தோன்றும். ஆசிரியையின் கேள்வி எளியது: இந்த நாடகத்தில் பெண்கள் எங்கே? தோட்டத்துப் பழத்தைக் கழுவிப் பெட்டியில் அடுக்குகிறவள், அந்நிய தேசத்தில் பிறர் குழந்தைக்குச் சோறூட்டிச் சொந்த ஊருக்குப் பணம் அனுப்புகிறவள், ராணுவத் தளத்தை ஒட்டிய சேரியில் பிழைக்கிறவள், தூதரின் மனைவி: இவர்களுடைய உழைப்பை ஒரு நாள் நிறுத்திவிட்டால் பெரிய பெரிய உடன்படிக்கைகளெல்லாம் என்ன ஆகும்?

ராணுவத் தளத்தைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் விரித்தெழுத மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். 1971-ல் அமெரிக்கா தென் கொரியாவிலிருந்து சுமார் 20,000 துருப்புகளைத் திருப்பியழைத்துக் கொண்டது. எஞ்சிய துருப்புகளும் போய்விடுமோ என்று அஞ்சிய கொரிய சர்க்கார், தளங்களைச் சுற்றியிருந்த ஏழைப் பெண்களின் உடலையே தேச ரக்ஷணைக்குரிய ஒரு சாதனமாக மேற்பார்வை செய்தது. காதரின் மூன் என்பவர் 1997-ல் வெளியிட்ட நூலில் இதை விவரித்திருக்கிறார்.

தூதரின் மனைவிக்கு வருவோம். விருந்து நடத்துவது, விருந்தினரில் யார் யாருக்குப் பக்கத்தில் ஆசனம் என்று நிர்ணயிப்பது, மனஸ்தாபப்பட்டவர்களைச் சிரிக்க வைப்பது ஆகியவை ராஜ தந்திரத்தில் பாதி. அந்தப் பாதிக்குச் சம்பளம் இல்லை. அமெரிக்க வெளிநாட்டு இலாகாவில் கணவனின் உத்தியோகத் தகுதியை மதிப்பிடும் அறிக்கையில் மனைவியின் சாமர்த்தியத்தைப் பற்றியும் மேலதிகாரி குறிப்பெழுதி வந்தார். 1972-ல்தான் இந்த வழக்கம் நின்றது. மனைவிக்கு மதிப்பெண்; கணவனுக்குப் பிரமோஷன்!

சரி, அந்த மனைவியே தூதராக விரும்பினால்? பிரிட்டிஷ் வெளிநாட்டு சர்வீஸ் பெண்களுக்குத் திறந்தது 1946-ல். விவாகம் செய்துகொண்டால் ராஜிநாமாச் செய்ய வேண்டுமென்ற விதி 1973 வரையில் அங்கே நீடித்தது. அந்நியனை நொந்து என்ன பயன்? சுதந்திர இந்தியா என்ன செய்தது என்று பார்ப்போம்.

ஸி. பி. முத்தம்மா குடகு நாட்டு விராஜப்பேட்டையில் 1924-ல் பிறந்தவர். சென்னையில் கல்வி பயின்றவர். 1949-ல் இந்திய வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்த முதல் பெண்மணி இவரே. சேரும்போதே, விவாகமானால் விலகிவிடுவதாக உறுதிமொழி எழுதித் தர வேண்டியிருந்தது. அதியமான் ஔவையாரைத் தொண்டைமானிடம் தூதனுப்பியபோது இம்மாதிரி பத்திரம் எதையும் எழுதி வாங்கியதாகப் புறநானூற்றில் காணோம்! 1961-ஆம் வருஷத்து விதிகளோ இன்னும் விசித்திரமானவை. பெண் உத்தியோகஸ்தர் விவாகத்துக்கு முன் சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். விவாகத்துக்குப் பிறகு, குடும்பப் பொறுப்பால் வேலை கெடும் என்று சர்க்கார் கருதினால் ராஜிநாமாச் செய்யச் சொல்லலாம். ஆண்களுக்கு இத்தகைய விதி கிடையாது. அவர்களுக்குக் குடும்பப் பொறுப்பே இல்லை போலும்.

1970-ல் முத்தம்மா ஹங்கேரிக்குத் தூதரானார். பிறகு மேற்பதவி மறுக்கப்பட்டபோது சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே சர்க்கார் அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்து விட்டது. 1979-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், கோரியது கிடைத்துவிட்டதால் மனுவைத் தள்ளினார். ஆனால் விதிகளைச் சும்மா விடவில்லை. மனைவியின் குடும்பக் கவலை வேலையைக் கெடுக்குமானால் கணவனின் கவலையும் கெடுக்கும் அல்லவா என்று கேட்டு, பெண்களுக்கு இழுக்கான விதிகளையெல்லாம் களையும்படி சர்க்காருக்கு இடித்துரைத்தார். ஒரு தேசத்துக்கு யார் வாய் திறந்து பேசலாம் என்பதைக் கல்யாணப் பத்திரிகை தீர்மானித்த காலம் அது. என்லோ அம்மையாரின் நூலுக்குப் பத்து வருஷம் முன்பே அந்தச் சாஸ்திரத்தை நமது கோர்ட்டில் நடத்திக் காட்டியவர் முத்தம்மா என்றே நாம் கருதுகிறோம்.

முத்தம்மா பின்னர் ஹேக் நகரில் தூதராக இருந்தார். அந்நகருக்கும் இவ்விஷயத்துக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1915 ஏப்ரலில், ஐரோப்பா யுத்த நெருப்பில் வெந்துகொண்டிருந்த சமயம், பன்னிரண்டு தேசங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே கூடினார்கள். ஜேன் ஆடம்ஸ் தலைமை வகித்தார். வர விரும்பிய பிரிட்டிஷ் மாதர்களில் பெரும்பாலோரை அவர்களுடைய சர்க்கார் கடல் கடக்க விடவில்லை. கூடியவர்கள் தீர்மானம் நிறைவேற்றியதோடு நில்லாமல், தலைநகர் தலைநகராகச் சென்று மந்திரிகளைக் கண்டு சமாதானம் பேசினார்கள். யாரும் செவி சாய்க்கவில்லை. ஆனால் 1919-ல் ஜூரிச்சில் மீண்டும் கூடியபோது, வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையின் நிபந்தனைகள் புதிய பகையை விதைக்கும் என்று பகிரங்கமாகக் கண்டித்தார்கள். இருபது வருஷத்தில் அது எப்படிப் பலித்தது என்பதை உலகம் அறியும்.

ஆகையால் பெண்கள் ஆண்டால் யுத்தமே வராதோ? 1971-ல் இந்திரா காந்தியும் 1982-ல் தாட்சரும் யுத்தம் நடத்தியவர்களே. பெண் என்றால் சாந்தம் என்று பேசுவது பெண்களையும் குறைக்கிறது, சமாதானத்தையும் குறைக்கிறது என்று டிக்னரே எச்சரிக்கிறார். பம்பாயில் பிறந்த சந்திரா தல்பதே மொஹந்தி 1984-லேயே வேறொரு குறையையும் சுட்டிக் காட்டினார்: மேல்நாட்டு ஆசிரியைகள் கீழ்த்திசைப் பெண்களையெல்லாம் ஒரே வார்ப்பில் வார்த்த அபலைகளாகக் காண்கிறார்கள் என்பது அது. இந்தக் கண்டனம் நியாயமானதே. சர்க்கார்களின் உற்சாகமும் நிலையானதன்று. 2014-ல் ஸ்வீடன் தனது வெளிநாட்டுக் கொள்கையே பெண்ணியக் கொள்கை என்று பிரகடனம் செய்தது. 2022-ல் புது மந்திரி சபை வந்ததும் அந்தப் பெயரைக் கைவிட்டது.

கைவிடப்படாத ஒரு திருத்தமும் உண்டு. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்த கமிஷனில் 1947, 1948-ஆம் வருஷங்களில் இரண்டே பெண் பிரதிநிதிகள் இருந்தார்கள். ஒருவர் எலினார் ரூஸ்வெல்ட்; மற்றவர் நம் ஹன்ஸா மேத்தா. ஆண்கள் அனைவரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்று பொருள்படும் வாசகம் முதல் ஷரத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லில் பெண்களும் அடக்கமே என்று பலர் சமாதானம் கூறினார்கள். அடக்கமாக இருக்க ஹன்ஸா மேத்தா சம்மதிக்கவில்லை. 1948 டிசம்பர் 10-ந் தேதி நிறைவேறிய பிரகடனத்தின் முதல் ஷரத்தில் ஆண்களுக்குப் பதிலாக மானிடப் பிறவிகள் இடம் பெற்றார்கள்.