எண்ணூர் சாம்பல் சிமெண்டுக்கு ஆகுமா?

சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல்தான். அப்போ எண்ணூர்ல, கொசஸ்தலையாத்துல படிஞ்சு கிடக்கிற சாம்பலை அள்ளிக் கலந்துடலாமே? அங்கேதான் சிக்கல்.

சாம்பல் தானாக இறுகாது. சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிவரும் சுண்ணாம்பு, சாம்பலில் கண்ணாடி மாதிரி இருக்கும் சிலிக்காவோடு மெல்ல மெல்லச் சேரணும். 28 நாள் தாண்டியும் இது நடக்கும். காஸ்டிக் சோடா, சோடியம் சிலிக்கேட் போன்ற கிளர்வூட்டிகள் அந்தக் கண்ணாடியைக் கரைத்து வேகப்படுத்தும்.

ஆனால் சிமெண்ட் ஆலை கேட்பது, புகையிலிருந்து உலர்வாகப் பிடித்த நுண்சாம்பல். நீரில் கலந்து குழாயில் அனுப்பிய சாம்பலிலோ கொதிகலன் அடிச்சாம்பலும் சேர்ந்திருக்கும். துகள் பெரிசு, வினைபுரியும் பரப்பு குறைவு. மருந்து போட்டால் மட்டும் போதாது, காயவைத்து அரைக்கணும். அந்தச் செலவை சாம்பலைக் கொட்டியவர்கள்தான் ஏற்கணும் என்பது என் கட்சி.