சிக்காகோ எழுவர் வழக்கும் திரைப்படமும்

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், சிக்காகோ நகரின் கூட்டரசு நீதிமன்றத்தில் ஒருவரைக் கதிரையோடு சங்கிலியாற் பிணைத்து, வாயையும் துணியினாற் கட்டி இருத்தினார்கள். அவர் பொபி சீல். கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். அவர் செய்த பிழை யாது? தமக்காக வாதாடவிருந்த சட்டத்தரணி சத்திரசிகிச்சைக்கு உட்பட்டிருப்பதால் வழக்கை ஒத்திவைக்க வேண்டும், அன்றேல் தம் வழக்கைத் தாமே பேச இடந்தர வேண்டும் என்று இடைவிடாது கேட்டதுதான். மறுக்க மறுக்க அவர் கடுஞ்சொற்களும் பேசினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தன் வழக்கைப் பேச விரும்பிய எதிரியின் வாயை நீதிமன்றமே கட்டிய செய்தி உலகெங்கும் பரவியது.

இவ்வழக்கைப் பொருளாகக் கொண்டு ஆரன் சோர்க்கின் எழுதி இயக்கிய திரைப்படம் 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒஸ்கார் பரிசுக்கு ஆறு பிரிவுகளில் அது முன்மொழியப்பட்டது. படத்தைப் பார்ப்போர் வழக்கின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் படம் சொல்வதும் நடந்ததும் எல்லா இடத்தும் ஒன்றல்ல.

1968 ஓகஸ்டில் ஜனநாயகக் கட்சி தன் சனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யச் சிக்காகோவிற் கூடியது. வியட்நாம் போர் உக்கிரமாக நடந்த காலம் அது. போரை எதிர்த்து இளைஞர் ஆயிரக்கணக்கில் அந்நகருக்கு வந்தனர். பூங்காக்களில் இரவு தங்கவும் ஊர்வலம் போகவும் அவர்கள் அனுமதி கேட்டனர். நகர முதல்வர் றிச்சர்ட் டேலியின் நிருவாகம் பெரும்பாலும் மறுத்தது. பின்னர் நடந்ததைத் தொலைக்காட்சி காட்டியது: கண்ணீர்ப்புகை, குண்டாந்தடி, குருதி. அதனை ஆராய்ந்த வோக்கர் குழு அவ்வாண்டு இறுதியில் அறிக்கை வெளியிட்டது. கலகம் செய்தவர்கள் பொலிசாரே என்ற கருத்தை அவ்வறிக்கை ஒளிவுமறைவின்றிக் கூறியது.

அப்போதைய சட்டமா அதிபர் றம்சே கிளார்க் போராட்டத் தலைவர்கள்மீது வழக்குத் தொடர விரும்பவில்லை. ஆனால் 1969 சனவரியில் நிக்சன் பதவியேற்றார். சட்டமா அதிபரும் மாறினார். மார்ச்சு மாதத்தில் எண்மர்மீது குற்றப்பத்திரம் தாக்கலாயிற்று. அதே நாளில் பொலிசார் எண்மர்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. தராசின் இரு தட்டுகளும் சமம் என்று காட்டவோ என்னவோ! அப்பொலிசாருள் எவரும் தண்டனை பெறவில்லை.

சாட்டிய குற்றம் என்ன என்பதே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. கலகம் விளைக்கும் எண்ணத்துடன் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் செல்வது குற்றம் என 1968இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் முதன்முதலாக விசாரிக்கப்பட்டோர் இவர்களே. எல்லையைக் கடந்த வேளையில் ஒருவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பதை அரசு எங்ஙனம் மெய்ப்பிக்கும்? அவர் பேசியவற்றையும் எழுதியவற்றையும் கொண்டே மெய்ப்பிக்க வேண்டும். ஆதலால் விசாரணை மெல்ல மெல்லச் செயலை விட்டுக் கருத்தை நோக்கி நகர்ந்தது. இத்துடன் சதி செய்தார்கள் என்ற குற்றமும் சேர்க்கப்பட்டது. பொபி சீலோ சிக்காகோவில் மிகச் சிறிது காலமே தங்கி, சொற்பொழிவாற்றிச் சென்றவர். உடன் நின்ற எதிரிகளுட் பெரும்பாலோரை அதற்குமுன் அறியாதவர்.

நீதிபதி ஜூலியஸ் ஹொவ்மனுக்கு அப்போது அகவை 74. எதிரிகளுள் குறும்புக்குப் பெயர்போன அபி ஹொவ்மனுக்கும் அதே குடும்பப் பெயர், உறவு ஏதுமில்லை. இந்தப் பெயரொற்றுமையை வைத்து அபி செய்த கேலிகள் பல. ஒருநாள் அவரும் ஜெரி றூபினும் நீதிபதியைப்போல் அங்கி தரித்து மன்றுக்கு வந்தனர். படத்தில் நகைச்சுவை பெரிதும் இங்கிருந்தே பிறக்கிறது, அது கற்பனையன்று. றம்சே கிளார்க் சாட்சி கூற வந்தபோது, யூரிமார் முன்னிலையில் அவர் பேச நீதிபதி இடங்கொடாததும் மெய்யே.

மாற்றம் செய்த இடங்கள் வேறு. படத்தில் சீலின் வாய்க்கட்டு சில கணங்களில் முடிந்துவிடுகிறது. அரச தரப்புச் சட்டத்தரணியே அதனைக் கண்டு மனம் வருந்துகிறார். மெய்யில் அக்கொடுமை சில நாட்கள் தொடர்ந்தது. நவம்பர் 5ஆம் நாள் அவருடைய வழக்குத் தனியே பிரிக்கப்பட்டு, மன்றை அவமதித்தமைக்காக நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எண்மர் எழுவரானது இவ்வாறே. கொடுமையைச் சுருக்கிக் காட்டியது படத்தின் பெருங்குறை. இன்னுமொன்று: டேவிட் டெலிஞ்சர் காவலரொருவரைக் குத்துவதாகப் படத்தில் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே படைச்சேவையை மறுத்துச் சிறைசென்ற அகிம்சைவாதி அவர். அப்படியொரு குத்து நடக்கவில்லை. நாடகத்துக்காக ஒரு மனிதரின் வாழ்நாள் நெறியையே இப்படி வளைக்கலாமா?

படத்தின் முடிவில், தீர்ப்பு வேளையில் ரொம் ஹெய்டன் எழுந்து, விசாரணைக் காலத்தில் போரில் மாண்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரரின் பெயர்களை வாசிக்கிறார். மன்றமே எழுந்து நிற்கிறது. கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். ஆயினும் மாண்டோர் பெயர்களை வாசிக்க முயன்றவர் டெலிஞ்சர். அதுவும் 1969 ஒக்டோபர் 15இல், நாடெங்கும் போரெதிர்ப்பு நாள் அனுட்டிக்கப்பட்டபோது. நீதிபதி தடுத்துவிட்டார், எவரும் கரகோசம் செய்யவில்லை.

தீர்ப்பு 1970 பெப்ரவரி 18ஆம் நாள் வந்தது. சதிக் குற்றத்திலிருந்து எழுவரையும் யூரிமார் விடுவித்தனர். இருவர் முற்றாக விடுதலையாயினர்; ஐவர் கலகம் விளைக்கும் எண்ணத்துடன் வந்தனர் என்று காணப்பட்டு, ஐந்தாண்டுச் சிறையும் ஐயாயிரம் டொலர் தண்டமும் பெற்றனர். யூரிமார் தீர்ப்பை ஆலோசித்துக்கொண்டிருந்த வேளையிலேயே, எதிரிகளை மட்டுமன்றி அவர்தம் சட்டத்தரணிகள் இருவரையும் மன்றவமதிப்புக்காக நீதிபதி தண்டித்துவிட்டார். வில்லியம் குன்ஸ்லருக்கு நான்கு ஆண்டும் பதின்மூன்று நாளும்!

1972 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஐவரின் தண்டனையையும் தள்ளியது. யூரிமாரைத் தெரிவுசெய்கையில் அவர்தம் மனச்சாய்வை அறியும் வினாக்களுக்கு நீதிபதி இடங்கொடாததையும், எதிர்த்தரப்பின்பால் அவர் காட்டிய பகைமையையும் அது கண்டித்தது. மன்றவமதிப்புத் தண்டனைகளும் நிலைக்கவில்லை. 1973இல் வேறொரு நீதிபதி மீள விசாரித்து, நால்வரைக் குற்றவாளிகளெனக் கண்டும் தண்டனை விதியாது விட்டார். ஆனால் கலகத் தடைச் சட்டம் செல்லும் என்றே 1972இல் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். அதன் சில பகுதிகளைப் பேச்சுரிமைக்கு முரணானவையென 2020, 2021ஆம் ஆண்டுகளில் வேறு இரு மேன்முறையீட்டு மன்றங்கள் நீக்கின. எஞ்சிய பகுதி அமெரிக்கச் சட்டநூலில் இன்னும் இருக்கிறது.