சுமைதாங்கியும் லாரி ஓட்டுநரும்

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒருநாள் 'சுமைதாங்கி' என்னும் சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியிருந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் அதனைக் கண்டதில்லை. நிமிர்த்தி நட்ட இரு கற்களின்மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்திருப்பார்கள். ஏறத்தாழ ஓர் ஆளின் தோள் உயரம் இருக்கும். தமிழகத்து வழிகளில் தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றித் தம் சுமையை அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறுவர். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதனை நிறுவுவது வழக்கம் என்று விளக்கினேன். பலகையில் படமும் வரைந்து காட்டினேன்.

பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன், "ஐயா, அரிசி இறக்குகிற கடையில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எங்கள் அப்பா விழுந்திருக்க மாட்டார்" என்றான்.

அவன் தந்தை லாரி ஓட்டுநர். கிள்ளானிலிருந்து அரிசி மூட்டைகளைப் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குக் கொண்டு செல்பவர். அன்று 'கெலிண்டான்' எனப்படும் உதவியாள் வரவில்லை. கடையிலும் ஆள் இல்லை. ஓட்டுநரே லாரியின்மேல் நின்று மூட்டைகளை விளிம்புக்கு இழுத்தார். ஒரு மூட்டையின் பிடி நழுவவே, பின்னோக்கி அடி வைத்தவர் தளத்தின் விளிம்பைத் தாண்டி அஞ்சடியின் சிமெண்டுத் தரையில் விழுந்தார். எழுந்து, மிச்ச மூட்டைகளையும் இறக்கிவிட்டே வீடு திரும்பினார். மூன்று நாள் எண்ணெய் தேய்த்து உருவிக்கொண்டு வேலைக்குப் போனார். நான்காம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அதன் பிறகே மருத்துவரிடம் சென்றார். அங்கும் விழுந்த செய்தியைச் சொல்லவில்லை. 'இடுப்பு வலி' என்று மட்டும் குறிப்பில் ஏறியது. சில வாரங்கள் கழித்து உதவித்தொகைப் பாரம் நிரப்ப என்னிடம் வந்தார். தோட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு அதுவும் ஒரு பணிதானே! ஆனால் வேலையில்தான் விழுந்தார் என்பதற்குக் காட்ட ஒரு துண்டுத் தாளும் அவரிடம் இல்லை. பாரம் இறக்கும்போது விழுந்தவருக்குப் பாரம் நிரப்பத் தெரிந்தும் என்னால் உதவ முடியாமற் போயிற்று.

இத்தகைய விபத்தை ஓட்டுநர்கள் 'தலையெழுத்து' என்பர். முதலாளிமார் 'கவனக்குறைவு' என்பர். இரண்டும் காரணத்தை மறைக்கும் சொற்கள். சுமை இறக்கும்போது நேரும் காயங்களுக்கு அளந்து காட்டக்கூடிய காரணங்கள் உண்டு. அவற்றைத் தடுக்கும் வழிகளும் உண்டு.

துறைமுகம் கண்ட மாற்றம்

1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம், 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது. அங்கே கப்பலுக்கும் கிடங்குக்கும் இடையே தோளிலும் முதுகிலும் பொருள் சுமந்தவர்களில் தமிழர் பலர். அக்காலத்து ரப்பர் ஷீட் சிப்பம் ஒன்று 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. 1965இல் தர நிர்ணய மலேசிய ரப்பர்த் திட்டம் தொடங்கிய பின்னர், 33⅓ கிலோ எடையுள்ள சிறு கட்டிகள் வழக்கத்திற்கு வந்தன. 30 கட்டிகள் ஒரு டன். வாணிகத்தின் பொருட்டு வந்த மாற்றமே அது. ஆயினும் தூக்குபவரின் முதுகுக்கும் அது நன்மை செய்தது. சிப்பத்தின் எடையை முடிவு செய்பவர்கள் மனிதர்களே. விரும்பினால் அவர்களே அதனைக் குறைக்கவும் கூடும்.

1973ஆம் ஆண்டில் அத்துறைமுகத்தில் கொள்கலன் முனையம் செயற்படத் தொடங்கியது. கொள்கலனைப் பளுதூக்கி எளிதாகத் தூக்கி வைக்கிறது. ஆனால் அதனுள் இருப்பவை பழைய மூட்டைகளும் பெட்டிகளுமே. அவை ஷா ஆலம் கிடங்குகளுக்கும், அங்கிருந்து கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் உள்ள கடைகளுக்கும் செல்கின்றன. கடைவாசலில் பளுதூக்கி இல்லை. துறைமுகத் தொழிலாளியின் முதுகிலிருந்து இறங்கிய எடையில் ஒரு பகுதி, சாலையின் மறுமுனையில் லாரி ஓட்டுநரின் முதுகில் ஏறியிருக்கிறது.

முதுகெலும்பின் கணக்கு

நெம்புகோல் பாடத்தை நாம் எல்லாரும் நடத்தியிருக்கிறோம். குனிந்து தூக்கும் மனிதனின் முதுகும் ஒரு நெம்புகோல்தான். இடுப்பெலும்பு மூட்டு அதன் ஆதாரப்புள்ளி. மூட்டை முன்னே இருக்கிறது. அதனை எதிர்த்து இழுக்கும் தசைகள் பின்னே, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கின்றன. 25 கிலோ மூட்டையைக் கைநீட்டி 50 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், தசைகள் பத்து மடங்கு, அதாவது 250 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். அதே மூட்டையை 25 சென்டிமீட்டருக்கு நெருக்கினால் விசை பாதியாகிறது. குனிந்த உடலின் எடை இக்கணக்கில் சேரவில்லை. அதையும் அத்தசைகளே தாங்க வேண்டும். ஆகவே எடையைப் போலவே தூரமும் காயத்திற்குக் காரணமாகிறது.

1967இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, உடல்நலத்திற்குக் கேடு செய்யக்கூடிய சுமையை எவரும் கையால் சுமக்கும்படி செய்யலாகாது என ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதனுடன் வந்த பரிந்துரை, வயது வந்த ஆடவருக்கு 55 கிலோவை எல்லையாகக் காட்டியது. பிற்கால ஆய்வு அதனினும் கடுமையானது. 1991இல் திருத்தப்பட்ட அமெரிக்க வாய்பாடு, எல்லா வசதிகளும் அமைந்த நிலையிலும் 23 கிலோவுக்கு மேல் பரிந்துரைக்கவில்லை. நம் நாட்டு வழிகாட்டியில், உடலை ஒட்டி இடுப்பு உயரத்தில் தூக்கும்போது ஆடவருக்கு 25 கிலோ. தரையிலிருந்தோ தோளுக்கு மேலோ தூக்கினால் அளவு மிகக் குறைந்துவிடும். 50 கிலோ சிமெண்டு மூட்டையை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டுநருக்கு இன்னும் ஓர் இடர் உண்டு. நெடுநேரம் அதிர்வில் உட்கார்ந்து வந்த முதுகு தளர்ந்திருக்கும். வண்டியை நிறுத்தியதும் தூக்கத் தொடங்குவது அதற்கு ஆகாது. சில நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்குவதே நலம். ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு அந்தச் சில நிமிடமும் பணம்.

உயரமும் விளிம்பும்

லாரியின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம். நல்ல கிடங்குகளில் இறக்குமேடையும் அதே உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். சுமை மேலும் கீழும் போகாமல் நேராக நகர்ந்துவிடும். சுமைதாங்கியின் தத்துவமும் இதுவே: சுமையைத் தரைக்கு இறக்கினால் மீண்டும் தூக்க வேண்டும், இருந்த உயரத்திலேயே வாங்கிக்கொண்டால் முதுகு பிழைக்கும். மேடையில்லாத கடைக்குச் செல்லும் லாரியின் பின்புறத்தில் ஏறியிறங்கும் தூக்குபலகை பொருத்தலாம். கைத்தள்ளுவண்டி ஒன்றேனும் தரலாம்.

விளிம்பிலிருந்து விழுவது தவிர வேறு இடர்களும் உள்ளன. பயணத்தில் சரிந்து கதவில் சாய்ந்திருக்கும் பெட்டிகள், கதவைத் திறந்தவுடன் திறந்தவர்மேலேயே விழும். சரிவில் நிறுத்திய வண்டி உருளும். கதவிடுக்கில் விரல் நசுங்கும். பாரந்தூக்கி வண்டி பின்னோக்கி வரும் பாதையில் ஓட்டுநர் நின்றிருப்பார். ஒரு கதவை மட்டும் சிறிது திறந்து பார்ப்பது, சக்கரத்திற்குக் கட்டை வைப்பது, கையுறையும் காலணியும் அணிவது ஆகிய எளிய பழக்கங்கள் இவற்றுள் பலவற்றைத் தடுக்கும்.

யாருடைய வேலை?

சரக்கை ஏற்றி அனுப்பியவர், 'இறக்குவது வாங்குபவர் பாடு' என்கிறார். வாங்குபவரோ, 'லாரிக்காரர் இறக்கித் தரட்டும்' என்கிறார். ஓட்டுநரின் நியமனக் கடிதத்தில் ஓட்டுநர் என்றே இருக்கிறது. எவருக்கும் உரியதல்லாத வேலை, கடைசியில் அங்கே நிற்பவர் தலையில் விழுகிறது.

சட்டம் இதனை இவ்வாறு பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கு மட்டுமன்றி, வேலையிடத்தை வைத்திருப்பவருக்கும் கடமை விதிக்கிறது. தம் ஊழியர் அல்லாதவர் வந்து வேலை செய்தாலும் அவ்விடம் அவருக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். 2022இல் இயற்றப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ளது. முதலாளிக்கு விதிக்கத்தக்க அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அறிவித்தும் முதலாளி அதனை நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் பெற்றுள்ளார்.

காயம் பட்ட பின் துணை நிற்பது சொக்சோ. 1969ஆம் ஆண்டின் சட்டப்படி 1971இல் அது தொடங்கியது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். சொந்த லாரி ஓட்டுவோருக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. காயம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்ததா என்பதே அங்குக் கேள்வி. விபத்து நாள் உட்பட நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவர் விடுப்பு அளித்தால், கணக்கிடப்படும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். விபத்தை அறிந்த முதலாளி 48 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். முதலாளி அறிய வேண்டுமானால் தொழிலாளி சொல்ல வேண்டும். என் மாணவனின் தந்தை தவறவிட்டது இதைத்தான். வலியைப் பொறுத்துக்கொள்வதை ஆண்மை என எண்ணி வளர்ந்தவர் அவர்.

ஆசிரியர் செய்யக்கூடியது

கட்டுரைப் பயிற்சியில் 'என் விடுமுறை' எழுதச் சொல்வது போல, 'ஒரு விபத்துக் குறிப்பு' எழுதவும் பயிற்றலாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், என்ன தூக்கினார், எப்படி விழுந்தார், பார்த்தவர் யார் ஆகிய ஆறு வினாக்களுக்கும் விடை ஐந்து வரியில் அடங்கும். மருத்துவரிடம் முதற்பேச்சிலேயே 'வேலையில் விழுந்தேன்' என்று சொல்ல வேண்டும் என்பதையும் பிள்ளைகள் வீட்டில் கூறட்டும்.

நான் அவ்வாறே செய்தேன். அம்மாணவன் தன் குறிப்பைத் தந்தையின் விபத்தைப் பற்றியே எழுதியிருந்தான். ஐந்து விடைகள் சரியாக இருந்தன. 'பார்த்தவர் யார்' என்பதற்கு நேரே மட்டும், 'தெரியவில்லை. அப்பா கேட்கவில்லை' என்று எழுதியிருந்தான். அடுத்த நாள், அந்த ஆறு வினாக்களையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் லாரியில் ஒட்டிவிட்டதாக வந்து சொன்னான்.