பத்துப் போட்ட நெறியும் படம் பிடித்த நெறியும்

மலேசியாவின் தம்பின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் அன்று நெறி கட்டுவதை ஒரு நோயாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பால்மரம் வெட்டப் போனவர் காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகும். இரண்டொரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். மஞ்சளைக் குழைத்துச் சுடச்சுடப் பத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்து நிற்பார். புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். கழுத்தில் வரிசையாகக் கட்டினால்தான் கண்டமாலையோ என்று பெரியவர்கள் கலங்கினார்கள். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் சயரோகமா, அதாவது காசநோயா என்று பார்த்தார். 1961இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்து, பிள்ளைகளுக்கு பிசிஜி ஊசி போடத் தொடங்கிய பிறகு அந்தப் பயமும் மெல்லத் தணிந்தது. புற்று என்று யாரும் வாயெடுக்கவில்லை. உண்மையிலேயே புற்றாக இருந்தவையும் அந்தப் பத்துக்கு அடியில் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கும். அந்தக் காலத்தை மெச்ச எனக்கு மனம் வரவில்லை.

இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்துப் பிள்ளைகள் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். செம்பனை முள் விரலில் ஏறினாலும் அக்குளில் நெறி கட்டத்தான் செய்யும். ஆனால் கைக்குத் தட்டுப்பட்டதுமே நினைப்பு புற்றுக்குத் தாவுகிறது. ஏற்கெனவே மார்பகப் புற்றுக்கு வைத்தியம் பார்த்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். "பரவிடுச்சு" என்று வீடே முடிவு கட்டிவிடும்.

சிலசமயம் ஸ்கேனும் அதற்கு ஒத்து ஊதும். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம்தான் பெட் ஸ்கேனில் மின்னும். காசநோய்க் கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்களும் புற்றணுவைப் போலவே சர்க்கரையை உறிஞ்சக்கூடியவை. ஜப்பானில் 1972இல் கிகுச்சி என்ற மருத்துவர் விவரித்த நோய் பெரும்பாலும் இளம்பெண்களின் கழுத்தில் நெறியாகக் கட்டும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றோ என்று மிரட்டிவிட்டு, சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும். பச்சை குத்திய மைகூடப் பக்கத்து நெறியில் போய்த் தங்கி, மெலனோமா என்ற தோல்புற்று பரவியதுபோல் கறுத்துத் தெரிவதுண்டு.

அதனால்தான் படம் என்ன சொன்னாலும், ஊசி வழியே துளி சதை எடுத்தோ நெறியையே வெட்டி எடுத்தோ நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்கிறார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. காசநோய் என்று வந்தால், வழக்கமாக ஆறு மாத மாத்திரையோடு தீர்ந்துவிடும்.

தடுப்பூசியாலும் இதே குழப்பம் வந்தது. 2021 பிப்ரவரியில் மலேசியாவில் கோவிட் தடுப்பூசி தொடங்கியது. ஊசி போட்ட கைப்பக்கத்து அக்குளில் நெறி கட்டி, பல நாடுகளில் மேமோகிராம் பார்த்த மருத்துவர்களையே அது குழப்பியது. ஒரு பக்க மார்பில் புற்று கண்டவர்கள் ஊசிக்கு மறுபக்கக் கையை நீட்டுவது நல்லது என்ற அறிவுரை அப்போது வந்ததுதான்.