சுழல் கண்காணிப்புக் கேமரா

சுழல் கண்காணிப்புக் கேமரா என்பது இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்பக்கூடிய, தொலைவிலிருந்து இயக்கப்படும் கேமரா ஆகும். பெரும்பாலானவை தொலைவுக் காட்சியைப் பெரிதாக்கியும் காட்டும்.

வரம்பு

இக்கேமரா ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டுமே பார்க்கும்; மறுபக்கம் நடப்பது பதிவாகாது. தேசிய நெடுஞ்சாலை 44 கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குச் செல்கிறது. ஓசூர் எல்லைப் பகுதியில் பதிவாகாமல் போகும் வாகனம் சில நிமிடங்களில் அடுத்த மாநிலத்துக்குள் சென்றுவிடும். எனவே தொழிற்சாலை வாயில், எடைமேடை ஆகியவற்றுக்கு நிலையான கேமராக்கள் தனியே தேவை. சுழல் கேமரா அவற்றுக்குத் துணையாகவே அமையும்.

நிறுவுதல்

* காட்சியைப் பெரிதாக்கும்போது அதிர்வும் பெரிதாகும். ஆகவே கனரக வாகனங்கள் செல்லும் சாலையோரத்தில் கம்பம் அசையாமல் இருக்க வேண்டும்.
* மின்சாரத்தையும் காட்சியையும் ஒரே ஈதர்நெட் கேபிளில் அனுப்பினால், அதன் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இரவு விளக்கு, மோட்டார் இரண்டும் ஒருசேர இயங்கும்போதும் மின்திறன் போதுமானதாக இருக்க வேண்டும்.
* முக்கிய இடங்களை முன்கூட்டியே நினைவகத்தில் பதிந்து வைக்கலாம். யாரும் இயக்காதபோது கேமரா முதன்மை நிலைக்குத் தானே திரும்புமாறு அமைப்பது அவசியம்.

பராமரிப்பு

கண்ணாடி மூடியில் படியும் தூசி, இரவில் முகப்பு விளக்கொளியைச் சிதறடித்து வாகன எண்ணை மறைக்கும். அதைத் தவறாமல் துடைக்க வேண்டும். நாளடைவில் பதிந்த நிலைகள் சற்று விலகக்கூடும் என்பதால் அவற்றையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.