உறங்கும் சுரப்பிக்கு எந்த மாத்திரை?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊர்களில், தறிக்குழியில் காலை இறக்கி நாள் முழுக்கப் பட்டு நெய்பவருக்கு முதுகுவலியும் முழங்கால் வலியும் புதிதல்ல. மருந்துக்கடையில் ‘ஒரு செட் மாத்திரை’ கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. அந்தப் பொட்டலத்தில் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ போன்ற ஸ்டீராய்டு இருந்துவிட்டால் வலி சட்டென்று அடங்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தாலே ஆபத்து. ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் மருத்துவரே எழுதித்தரும் ஸ்டீராய்டுக்கும் இது பொருந்தும்.

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தரும் கார்டிசால்தான் நெருக்கடியில் இரத்த அழுத்தம் விழாமல் காக்கிறது. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கும். அந்நிலையில் மாத்திரையைத் திடீரென விட்டால் களைப்பு, வாந்தி, தலைசுற்றல். அறுவை சிகிச்சையோ கடும் காய்ச்சலோ குறுக்கிட்டால் உயிருக்கே ஆபத்து. கார்டிசோன் முதன்முதலில் மூட்டுவாத நோயாளிக்குத் தரப்பட்டது 1948இல். 1952லேயே இப்படியோர் இறப்பு மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது.

ஆகவே சுரப்பி விழிக்கும்வரை மாற்று மருந்து வேண்டும். ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசாலேதான். நாளுக்கு 15 முதல் 25 மி.கி.; பெரும்பங்கு காலையில், மீதி பிற்பகலில். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரவில் ஏற்படும் அந்தக் குறைவே பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பும். பிரெட்னிசோலோன் 5 மி.கி. ஏறக்குறைய ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி.க்குச் சமம், காலையில் ஒரே வேளை, விலையும் மலிவு. வேலை மும்முரத்தில் இரண்டாம் வேளையை மறப்பவருக்கு இதுவே நல்லது என்பேன். டெக்ஸாமெத்தசோன் வேண்டவே வேண்டாம். ஒன்றரை முதல் மூன்று நாள்வரை அதன் வேகம் நீடிப்பதால் சுரப்பி எழவே வழியில்லை. அதில் பழகியவரை முதலில் பிரெட்னிசோலோனுக்கோ ஹைட்ரோகார்டிசோனுக்கோ மாற்றிய பிறகே அளவைக் குறைப்பார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர் உடலில் இவை விரைவில் சிதையும். அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

சுரப்பி விழித்ததா என்பதை அன்றைய மாத்திரைக்கு முன், காலையில் எடுக்கும் இரத்தம் காட்டும். ஒரு டெசிலிட்டரில் கார்டிசால் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மருத்துவர் மாத்திரையை நிறுத்தலாம். 5க்குக் கீழ் என்றால் தொடர வேண்டும்.

இடையில் காய்ச்சல் வந்தால் மாற்று அளவை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போட வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுவதை எழுதிய சீட்டு சட்டைப்பையில் இருந்தால், அவசரப் பிரிவில் அந்த ஊசிக்குத் தாமதமாகாது.